எடை குறையாமலே வரும் நலம்

லண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் அந்தக் காலத்தில் இருவர் வேலை பார்த்தார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு வேலைநாளில் அவர் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தேடிக்கொண்டிருந்த ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் நோய்ப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். ஒரே ஊர், ஒரே நிர்வாகம், ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பங்கள். ஆனாலும் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் வயது கூடிய பிறகே வந்தது; வந்தபோது உயிரைப் பறித்ததும் குறைவு. 1953-இல் ‘லான்செட்’ இதழில் இந்த முடிவு வெளியானது.

உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர் பருமனாக இருப்பார், அதனால்தான் அவருக்கு நெஞ்சுவலி என்று யாருக்கும் தோன்றும். மாரிஸுக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. விடையைத் தேடி அவரும் அவருடைய கூட்டாளிகளும் போன இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: சீருடைக் கணக்கு. தொழிலாளர்களுக்குக் கால்சட்டை தைப்பதற்காக நிர்வாகம் எடுத்து வைத்திருந்த இடுப்பளவுகள் அப்படியே இருந்தன. 1956-இல் அவற்றை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓட்டுநர்களின் இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. ஆனால் நடத்துநர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பை அந்த அளவு மட்டும் விளக்கவில்லை. ஒல்லியான நடத்துநர், நடுத்தர உடம்புக்காரர், தொப்பை போட்டவர் என்று மூன்று வகையினரிடமும் மாரடைப்பு குறைவாகவே இருந்தது. தபால்காரர்களையும் அலுவலக எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் நடந்து திரிந்த தபால்காரர்களின் பக்கமே கணக்கு சாய்ந்தது.

அந்த நடத்துநர்களில் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்துப் படி ஏறவில்லை. யாருக்கும் உடம்பை அழகாக்கும் எண்ணம் இல்லை. செய்யும் வேலையோடு சேர்ந்து வந்த அசைவு அது. தோற்றத்தில் ஒன்றும் தெரியாமலே அது உள்ளே வேலை செய்தது.

இதற்கு நேர் எதிரான சோதனை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சாமுவேல் கிளைன் குழுவினர் பருமனான 15 பெண்களுக்கு ‘லிப்போசக்‌ஷன்’ முறையில் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 10 கிலோ அளவுக்குக் கொழுப்பு வெளியேறியது. உடம்பின் வடிவமே மாறிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலினுக்கு உடல் காட்டும் இணக்கம் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. 2004-இல் வெளிவந்த ஆய்வு இது.

இதே 10 கிலோவை வேறு வழியில் இழந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில் சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதவர்களை மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். அவர்கள் இழந்ததும் சராசரியாக 10 கிலோதான். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் சர்க்கரை மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்துவிட்டார்கள். எடைபோடும் இயந்திரத்துக்கு இரண்டு 10 கிலோவும் ஒன்றுதான். உடலுக்கு அப்படி இல்லை. உணவைக் குறைத்தபோது கல்லீரலிலும் கணையத்திலும் படிந்திருந்த கொழுப்பு கரைந்தது. ஊசிக்குழாயால் உறிஞ்சியபோது தோலடிக் கொழுப்பு மட்டும் போயிற்று. கேடு செய்யும் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

எடையே முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மிகுந்த பருமன் மூட்டைத் தேய்க்கும், உறக்கத்தில் மூச்சைத் தடுக்கும், சில புற்றுநோய்களுக்கும் வழிவிடும். எடை எங்கே இருக்கிறது, எப்படிப் போயிற்று என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் பேச்சு.

நம் நாட்டினருக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’டில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை வெளியிட்டார்கள். இருவரும் மெலிந்தவர்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இது ஒரு தனி மனிதரின் கதையும் அன்று. யாஜ்னிக்கின் குழு புனே வட்டாரக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, இங்கே பிறக்கும்போது சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை மிகவும் குறைவாக இருந்தது. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரும் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அதே ஆய்வில், பொதுவான பருமன் 28.6 விழுக்காட்டினருக்கு இருந்தது. வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினருக்கு. ஆக, எடைக் கணக்கில் தப்பித்துவிட்டு இடுப்புக் கணக்கில் மாட்டிக்கொள்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ‘உனக்கென்ன, ஒல்லியாத்தானே இருக்கே’ என்று நாம் யாரைப் பார்த்துச் சொல்கிறோமோ, அவர் பல நேரம் இந்தக் கூட்டத்தில் இருப்பவர்.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வை இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அது. சர்க்கரை நோய் இன்னும் வராத, ஆனால் வருவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் நாற்பதுகளில் இருந்த, வேலைக்குப் போய்வருகிற நடுத்தர வர்க்கத்தினர். அவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு பிரிவுக்கு வாழ்க்கைமுறை மாற்றம். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு இரண்டும்.

வாழ்க்கைமுறை மாற்றம் என்று பெரிதாகச் சொன்னாலும் கேட்டது கொஞ்சம்தான். உட்கார்ந்த வேலை செய்பவர்கள் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். ஏற்கெனவே சைக்கிளில் போகிறவர்களும் உடலுழைப்புக்காரர்களும் செய்வதைத் தொடர்ந்தால் போதும். சர்க்கரையைத் தவிர்க்க வேண்டும், தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். ஜிம் கிடையாது, பவுடர் கிடையாது.

மூன்றாண்டுகளில் வழக்கமான அறிவுரை பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் அது 39.3 விழுக்காடு. மாத்திரை போட்டவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. 2006-இல் வெளிவந்த இந்த முடிவில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. இதே போன்ற ஆய்வுகள் அமெரிக்காவிலும் பின்லாந்திலும் நடந்தபோது எடைக் குறைப்பே முதல் இலக்காக இருந்தது, எடையும் குறைந்தது. சென்னையில் எடை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, நோய் மட்டும் தள்ளிப் போயிற்று. அந்த மூன்றாண்டுகளில் தராசை மட்டும் நம்பிய ஒருவர், ஒரு பலனும் இல்லை என்று ஆறாவது மாதத்திலேயே நடையை விட்டிருப்பார்.

எடை குறையாமல் பலன் எப்படி வரும்? விடை தசையில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் கணிசமான பகுதியை உள்வாங்க வேண்டியது உடல் தசைகள்தாம். தசைச் செல்லின் சவ்வைக் குளுக்கோஸ் தானாகக் கடக்க முடியாது. செல்லுக்குள்ளே ‘குளூட்-4’ என்னும் புரதம் ஒடுங்கிக் கிடக்கிறது. இன்சுலின் வந்து தட்டினால் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து கதவாகத் திறந்து நிற்கும். குளுக்கோஸ் உள்ளே போகும். தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் தட்டுவது உள்ளே சரியாகக் கேட்பதில்லை. அதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். ஆனால் இந்தக் கதவுக்கு இன்னொரு திறப்பும் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலே குளூட்-4 மேலே வந்துவிடுகிறது. இன்சுலின் பேச்சைக் கேட்காத தசைகூட நடையின் பேச்சைக் கேட்கிறது. நடந்து முடித்த பிறகும், அந்தத் தசை ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் வரைக்கும் இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்குகிறது. பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வியர்வை சிந்துவதைவிட அன்றாடம் கொஞ்சம் நடப்பது ஏன் மேல் என்பதற்கு இதுதான் காரணம்.

எப்போது நடப்பது என்பதும் முக்கியம். 60 வயதைத் தாண்டிய, சர்க்கரை ஏறத் தொடங்கியவர்களை வைத்து அமெரிக்காவில் 2013-இல் ஒரு சிறு ஆய்வு நடந்தது. ஒரே மூச்சில் 45 நிமிடம் நடப்பதும், மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் வீதம் நடப்பதும் நாள் முழுவதற்குமான சர்க்கரையை ஒரே அளவில் குறைத்தன. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்கியதில் சாப்பாட்டுக்குப் பிந்தைய குறுநடையே வென்றது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் சர்க்கரை நோயாளிகளிடம் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடக்கச் சொன்னபோது, நேரம் குறிக்காமல் 30 நிமிடம் நடந்த நாள்களைவிடச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 விழுக்காடு குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் 22 விழுக்காடு. நாம் இரவில்தான் தாமதமாக, வயிறு நிறையச் சாப்பிடுகிறோம். சாப்பிட்ட கையோடு சோபாவில் சாய்கிறோம். பத்து நிமிடம் தெருக்கோடி வரை போய் வருவதற்கு ஷூகூட வேண்டாம், வீட்டுச் செருப்பே போதும்.

சாப்பாட்டில் எதை முதலில் எடுப்பது என்பதும் இப்படி ஒரு சின்ன விஷயம். நியூயார்க்கில் 2015-இல் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். ரொட்டியை முதலில் சாப்பிட்ட நாளைவிட, காய்கறியையும் இறைச்சியையும் முதலில் தின்று ரொட்டியைக் கடைசியில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 37 விழுக்காடு குறைவு. உணவு அதேதான், அளவும் அதேதான். நம் தட்டில் சோறு நடுவிலும் பொரியல் ஓரத்திலும் இருக்கிறது. கீரை, கூட்டு, சுண்டல், முட்டை, மீன் எது இருக்கிறதோ அதில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைக்கலாம். அப்படிச் செய்தால் சோறும் தானாகக் குறையும். யாருடைய சமையலையும் மாற்றச் சொல்லவில்லை, அடுப்படியில் இருப்பவருக்குக் கூடுதல் வேலையும் இல்லை.

தட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உப்பு. அதை உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வேளைதோறும் தட்டுக்கு வந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

உறக்கத்தைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1999-இல் நல்ல உடல்நிலையில் இருந்த 11 இளைஞர்களை ஆறு இரவுகள் வெறும் நான்கு மணி நேரமே படுக்கவிட்டார்கள். ஆறாம் நாளுக்குப் பிறகு சோதித்தபோது, அவர்கள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸ் நீங்கும் வேகம், நன்றாகத் தூங்கித் தெளிந்த நிலையைவிட 40 விழுக்காடு அளவுக்கு மந்தமாகியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் அந்த இளைஞர்களிடம் கண் சிவப்பைத் தவிர வேறென்ன தெரிந்திருக்கும்? கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுப்பதும் மருத்துவம்தான்.

தரையில் உட்கார்ந்து எழுவதையும் நாம் கைவிட்டு வருகிறோம். பிரேசிலின் கிளாடியோ கில் அராவ்ஜோ 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார். கையையும் முழங்காலையும் ஊன்றாமல் எழுந்தவர்களைவிட, அடிக்கடி ஊன்றி எழுந்தவர்களிடையே அடுத்த ஆண்டுகளில் இறப்பு பல மடங்கு அதிகம். எழ முடியாமை சாவை வரவழைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. தசை வலு, சமநிலை, மூட்டின் வளைவு எல்லாவற்றையும் ஒரே அசைவில் காட்டிவிடும் சோதனை அது. முழங்கால் நன்றாக இருப்பவர்கள் ஒரு வேளையாவது சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். முடியாதவர்கள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரலாம்.

இப்போது தோற்றத்தின் பக்கம் வருகிறேன். நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வார்த்தை உடம்பைப் பற்றித்தான். ‘என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே’ அல்லது ‘நல்லா பூசினாப்ல ஆயிட்டே’. பிரியத்தில் சொல்வதுதான். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் பிள்ளை பெற்று நாற்பது நாளான தாய்க்கும் அது எப்படிக் காதில் விழுகிறது என்று யோசிக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பட்டினி கிடக்கும் பெண்களும், ‘சிக்ஸ் பேக்’ ஆசையில் யாரோ கொடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் பையன்களும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். ‘30 நாளில் 10 கிலோ’ என்று கூவும் விளம்பரங்கள் இந்தக் காயத்தின் மேல்தான் கடை போடுகின்றன. அந்த வியாபாரத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு.

வேதனை ஒருபுறம் இருக்க, அழகுக்காகத் தொடங்கும் பயிற்சி நீடிப்பதும் குறைவு. மிஷெல் சீகர் குழுவினர் நடுவயதுப் பெண்களிடம் செய்த ஆய்வை 2006-இல் வெளியிட்டார்கள். உடல் வடிவத்துக்காக உடற்பயிற்சி செய்தவர்கள், மற்ற காரணங்களுக்காகச் செய்தவர்களைவிடக் குறைவாகவே செய்துவந்தார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. உடல் வடிவம் மாற மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாறாமலே போகும். படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்ததும், இரவு நன்றாகத் தூக்கம் வந்ததும் இரண்டாம் வாரமே தெரிந்துவிடும். தெரிகிற பலன்தான் மறுநாளும் நம்மை எழுப்பும்.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்ற பேச்சு ஊரெங்கும் உலவுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லாலி 96 பேரிடம் இதைச் சோதித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓடுவது, மதியம் ஒரு பழம் தின்பது போல ஆளுக்கொரு சின்னச் செயல். யோசிக்காமலே அதைச் செய்யும் நிலை வர நடுத்தரக் கணக்கில் 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது எதையும் கெடுத்துவிடவில்லை. அன்றாடம் ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு புதியதை முடிச்சுப் போட்டால் அது எளிதாக ஒட்டிக்கொள்ளும்: கை கழுவியதும் செருப்பு, இலையில் சாப்பாடு விழுந்ததும் முதல் வாய் காய்.

அளக்காமல் இருக்க முடியாது என்பவர்கள் தராசை விட்டுவிட்டு ஒரு டெய்லர் டேப்பை எடுங்கள். இந்திய உடல்வாகுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கைக் கோடுகள். மாதம் ஒருமுறை போதும். அதோடு ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை. 30 வயதைத் தாண்டிய எவரும், எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை இவற்றைப் பார்த்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தமிழ்நாட்டில் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். மற்றவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.